இருபதாம் நாளின் ஒலி

புதுக் கம்பி மாட்டிய கிட்டாரின் முதல் மீட்டலில் ஒரு மயக்கம் உண்டு. மணி அடித்தாற்போல் ஒலி விரியும். மரத்துக்கே வயது குறைந்துவிட்டதாகத் தோன்றும். எந்தக் கம்பி நல்லது என்று நமக்குச் சொல்பவர்களில் பலர் அந்த மயக்கத்தில் இருந்துகொண்டே சொல்கிறார்கள். உறையைப் பிரித்து, மாட்டி, அரை மணி நேரம் வாசித்துவிட்டுத் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். வாங்கியவரோ அந்தக் கம்பியோடு ஒரு மாதமோ மூன்று மாதமோ குடித்தனம் நடத்த வேண்டும். முதல் நாளில் எல்லாக் கம்பியும் நல்ல கம்பிதான். இருபதாம் நாளில் எது நிற்கிறது என்பதே என் கேள்வி.

எஃகுக் கம்பி பூட்டும் ஆறு கம்பி அக்கூஸ்டிக் கிட்டாரை எடுத்துக்கொண்டு நான்கு விஷயங்களை எடைபோடுகிறேன்: உலோகம் எது, தடிமன் எவ்வளவு, மேற்பூச்சு வேண்டுமா, எப்போது எப்படி மாற்றுவது. அளவுகோல்கள் மூன்று: சுருதிச் சுத்தம், ஒலி நிலைக்கும் காலம், கிட்டாரும் விரலும் சுமக்கும் பாரம். விலையும் முக்கியம்தான். ஆனால் உறையில் அச்சிட்ட விலையை அப்படியே பார்க்கக் கூடாது. அந்தக் கம்பி உழைக்கும் நாட்களால் வகுத்துப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கையிலிருப்பது எஃகுக் கம்பிக்கான கிட்டார்தானா? என் முதல் கிட்டார் நைலான் கம்பிக்கென்று செய்யப்பட்டது. கம்பி அறுந்ததும் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். “ஸ்டீல் போட்டா சத்தம் நல்லா வரும் தம்பி” என்று மாட்டிக் கொடுத்தார்கள். சத்தம் நன்றாகத்தான் வந்தது. நாலாவது மாதம் பிரிட்ஜ் பலகையை விட்டுப் பெயர்ந்து எழுந்தது. நைலான் கம்பிகள் ஆறும் சேர்ந்து இழுப்பது சுமார் 40 கிலோ. எஃகுக் கம்பிகள் 70 கிலோவுக்கு மேல்கூட இழுக்கும். 1833-இல் தொழில் தொடங்கிய மார்ட்டின் நிறுவனமே குடல் நரம்புக் கம்பிகளோடு பல தலைமுறை ஓட்டியது. 1920-களில்தான் எஃகைத் தாங்கும்படி உடலை வலுப்படுத்தித் தன் கிட்டார்களை விற்கத் தொடங்கியது. பிரிட்ஜில் கம்பியைச் சுற்றி முடிச்சிட்டிருந்தால், தலைப்பகுதியில் இரண்டு நீளத் திறப்புகள் இருந்தால், அது பெரும்பாலும் நைலான் கிட்டார். ஐயம் இருந்தால் தெரிந்தவரிடம் காட்டிக் கேளுங்கள். நைலான் கிட்டாரில் எஃகு ஏற்றக் கூடாது. இந்த ஒன்றில் மட்டும் எடைபோட எதுவும் இல்லை.

இனி உலோகம். அக்கூஸ்டிக் கிட்டாரில் மெல்லிய முதல் இரண்டு கம்பிகளும் வெறும் எஃகு. மற்ற நான்கும் எஃகு நடுக்கம்பியின் மேல் வேறோர் உலோக இழையை நெருக்கமாகச் சுற்றியவை. தாழ்ந்த சுருதிக்கு எடை வேண்டும். அந்த எடையைத் தடித்த ஒற்றை எஃகால் கொடுத்தால் கம்பி தண்டைப்போல் விறைத்துவிடும்; அதன் மேற்சுரங்கள் பிசகும். சுற்று எடையைக் கூட்டும், வளைந்து அதிரும் தன்மையைக் கெடுக்காது. கடையில் ‘ப்ரான்ஸ்’ என்று பெயர் சொல்லி விற்பது இந்தச் சுற்றைத்தான்.

அதில் பெருவழக்காக இரண்டு உண்டு. ஒன்று எண்பது-இருபது: 80 சதவீதம் செம்பு, 20 சதவீதம் துத்தநாகம். 1930-களில் நியூயார்க்கில் கிட்டார் செய்துவந்த ஜான் டி’ஏஞ்சலிகோவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கலவை இது. மற்றது பாஸ்பர் ப்ரான்ஸ்: சுமார் 92 சதவீதம் செம்பு, 8 சதவீதம் வெள்ளீயம், துளி பாஸ்பரஸ். டி’அடாரியோ நிறுவனம் 1974-இல் கிட்டாருக்குக் கொண்டுவந்தது. இரண்டையும் சந்தை ஒரே பெயரால் அழைக்கிறது. நம் சமையலறைக்கு இந்தக் குழப்பம் கிடையாது. செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை. வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். பித்தளைக் குடத்தை நாலு நாள் கவனிக்காமல் விட்டால் கருத்துப்போகும். புளி போட்டுத் தேய்த்தால்தான் முகம் தெளியும் என்பது வீட்டில் எல்லோரும் அறிந்தது. ஆக, எண்பது-இருபது பித்தளைக் கம்பி. பாஸ்பர் ப்ரான்ஸ்தான் வெண்கலக் கம்பி.

பெயரைத் திருத்தியதும், இவற்றின் ஒலியைப் பற்றிய வழக்கமான பேச்சையும் திருத்த வேண்டியிருக்கிறது. எண்பது-இருபது பளிச்சென்று ஒலிக்கும், பாஸ்பர் ப்ரான்ஸ் கொஞ்சம் கனிந்து ஒலிக்கும் என்பார்கள். முதல் நாளில் இது முழு உண்மை. ஆனால் வியர்வை பட்டதும் பித்தளை முந்திக்கொண்டு மங்குகிறது. வெண்கலம் கூடுதல் நாள் தாங்குகிறது. ஒரே கிட்டாரில் ஒரே தடிமனில் இரண்டையும் மாறி மாறிப் போட்டு வாசித்த என் செவிக்கு, இரண்டாம் வாரம் முடிவதற்குள் இரண்டும் இடம் மாறிவிடுகின்றன. பளிச்சென்று தொடங்கியது மண்ணடைத்த குரலாகிறது. கனிந்து தொடங்கியது ஏறக்குறைய தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது. எண்பது-இருபதின் பளபளப்பு மெய்தான், ஆனால் அது சில நாள் விருந்தாளி. ஒலிப்பதிவுக்கு முதல் நாள் கம்பி மாற்றிக்கொண்டு போகிறவருக்கும், இயல்பிலேயே மந்தமாக ஒலிக்கும் கிட்டாரைத் தூக்கி நிறுத்த வேண்டியவருக்கும் அது சரியான தேர்வு. வீட்டில் வாசிக்கிற மற்ற எல்லோருக்கும் வெண்கலமே உகந்தது.

மோனெல் என்று மூன்றாவதும் உண்டு. நிக்கல் மிகுதியாகவும் செம்பு குறைவாகவும் சேர்ந்த இது எளிதில் அரிக்காது. முதல் நாளிலேயே இதன் ஒலி அடங்கியிருப்பதால் பின்னால் இழப்பதும் குறைவு. பாடகரின் குரலுக்குப் பின்னால் தணிந்து நிற்க வேண்டிய கிட்டாருக்கு இது பொருந்தும். தனியாக வாசிக்கும்போது ஒலியில் ஈரம் போதவில்லை என்பது என் கணிப்பு.

அடுத்தது தடிமன். பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று என்று முதல் கம்பியின் எண்ணைச் சொல்லித்தான் கடையில் செட் கேட்பார்கள். இந்த எண், அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பதைக் குறிக்கிறது. உறையில் எக்ஸ்ட்ரா லைட், கஸ்டம் லைட், லைட், மீடியம் என்று போட்டிருக்கும். ஓர் எண் கூடினால் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைக்கத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீளமும் சுருதியும் மாறாதபோது, இழுவிசை விட்டத்தின் வர்க்கத்தோடு ஏறும். 25.5 அங்குல நீளமுள்ள கிட்டாரில் முதல் கம்பியை ஈ சுரத்துக்கு ஏற்றினால், பத்தாம் எண் சுமார் 7.4 கிலோ இழுக்கும், பதினொன்று 9 கிலோ, பன்னிரண்டு 10.7, பதின்மூன்று 12.5. பத்திலிருந்து பதின்மூன்றுக்குத் தடிமன் ஏறுவது 30 சதவீதம், இழுவிசை ஏறுவது கிட்டத்தட்ட 70 சதவீதம். ஆறு கம்பிக்கும் கூட்டினால் பன்னிரண்டு செட் 70 கிலோவைத் தாண்டும், பதின்மூன்று செட் 80 கிலோவைத் தாண்டும். மூன்று மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத பலகையின் மேல் இரவும் பகலும் ஓர் ஆள் ஏறி நிற்பதைப் போன்ற பாரம் அது.

தடித்த கம்பி பலகையை வலுவாக அதிரவைக்கும். அடித்து வாசித்தாலும் கலங்காது. மெல்லிய கம்பி விரலுக்கு இதம். ஆனால் வேகமாக மீட்டினால் ஃப்ரெட்டில் மோதி இரையும். இரண்டிலும் உண்மை இருக்கிறது. புதிதாகக் கற்பவருக்கு விரல் வலிக்காமலிருக்கப் பத்து செட் போடுங்கள் என்று பொதுவாகச் சொல்லும் யோசனையைத்தான் நான் ஏற்கவில்லை. கற்பவரின் விரல் வலிக்குப் பெரும்பாலும் காரணம் கம்பியின் தடிமன் அல்ல, அது நிற்கும் உயரம். மலிவு விலைக் கிட்டார்களில், நெக்கின் தலைமுனையில் கம்பிகள் படியும் நட்டின் பள்ளங்கள் ஆழமாக அறுக்கப்படாமல், முதல் ஃப்ரெட்டிலேயே கம்பி எட்டாத உயரத்தில் இருக்கும். அதில் பத்து செட் போட்டாலும் வலிக்கும். அதோடு, மெல்லிய கம்பியை அழுத்தும்போது அது எளிதில் விலகிச் சுருதி ஏறும். கற்பவரின் காது அந்தத் தவறான சுருதிக்குப் பழகிவிடுவது விரல் வலியைவிடப் பெரிய தீங்கு.

ஆகவே முதலில் நட்டையும், பிரிட்ஜின் மேல் கம்பிகளைத் தாங்கும் சேடிலையும் ஒரு நல்ல கைவினைஞரிடம் கொடுத்துச் சரிசெய்ய வேண்டும். பிறகு பதினொன்று செட் போதும். பன்னிரண்டின் நிறைவான ஒலிதான் வேண்டும், விரலோ இன்னும் பழகவில்லை என்றால், எல்லாக் கம்பியையும் அரைச் சுரம் இறக்கி வாசிக்கலாம். இழுவிசை 11 சதவீதம் குறைந்து, முதல் கம்பி 9.5 கிலோவுக்கு வந்துவிடும். மற்றவர்களோடு சேர்ந்து வாசிக்கும்போது முதல் ஃப்ரெட்டில் கேப்போ என்ற கவ்வியை மாட்டிக்கொண்டால் சுருதி பழையபடி நிற்கும். இதற்குக் கூடுதல் செலவும் இல்லை. பதின்மூன்று செட், கிட்டாரைச் செய்தவர்களே தாங்கும் என்று சொல்லியிருந்தால், அதுவும் ஓங்கி மீட்டும் கை என்றால் மட்டுமே. இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: தடிமனை மாற்றினால் நெக்கின் வளைவு மாறும், நெக்கினுள் இருக்கும் ட்ரஸ் ராடைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டிவரலாம். நட்டின் பள்ளத்தில் தடித்த கம்பி இறுகினால் சுருதி சேர்க்கும்போது ‘டிக்’ என்று தெறித்து நகரும். வாரம் ஒரு தடிமன் மாற்றிப் பார்க்கும் பழக்கம் கிட்டாருக்கு நல்லதல்ல.

மேற்பூச்சுக்கு வருவோம். மழைக்கோட்டுத் துணியான கோர்-டெக்ஸைச் செய்யும் அமெரிக்க நிறுவனம், 1990-களில் எலிக்ஸர் என்ற பெயரில் பூச்சுக் கம்பிகளைக் கொண்டுவந்தது. ஒட்டாத தோசைக்கல்லில் பூசும் பொருளின் குடும்பத்தைச் சேர்ந்த மெல்லிய படலம் சுற்றின் மேல் போர்த்தியிருக்கும். சுற்றின் இடுக்குகளில் தோல் துகளும் எண்ணெயும் வியர்வையும் புகாமல் காப்பதே அதன் வேலை. கம்பி மங்குவதற்குப் பெருங்காரணம் இந்த இடுக்கு அழுக்குதான்: சுற்றுகள் ஒன்றோடொன்று உரசும் இடத்தில் அது அடைத்துக்கொண்டு மேற்சுரங்களைத் தின்றுவிடுகிறது. பின்னாளில் மற்ற நிறுவனங்களும் இன்னும் மெல்லிய பூச்சுகளோடு வந்தன.

எதிர்த்தரப்பின் வாதங்களை நேர்மையாகச் சொல்ல வேண்டும். விலை இரு மடங்குக்குக் குறையாது. விரலடியில் ஒரு வழுக்கல் இருக்கிறது; சிலருக்கு அது பிடிப்பதே இல்லை. முதல் நாள் ஒலியில், பூச்சில்லாத கம்பியின் கூர்மை ஒரு நூல் குறைவு. பிக் படும் இடத்தில் பூச்சு நாளடைவில் பிசிறு பிசிறாக உரியும். நான்கும் உண்மை. ஆனால் நான் வாழும் சென்னையில், காலை ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் நிற்கும் நாட்களே அதிகம். வாசித்து முடிப்பதற்குள் முன்கை கிட்டாரின் உடலில் ஒட்டிக்கொள்ளும். இந்தக் காற்றில் பூச்சில்லாத வெண்கலக் கம்பி என் கையில் மூன்று வாரம் உயிரோடிருக்கிறது. பூச்சுக் கம்பி இரண்டரை மாதம் போகிறது. விலை இரண்டிலிருந்து இரண்டரை மடங்கு, ஆயுள் மூன்று மடங்குக்கு மேல் என்றால் கணக்கு பூச்சின் பக்கம்தான் சாய்கிறது. இதைப் பொதுவிதியாக்க நான் துணியமாட்டேன். தினம் மூன்று நான்கு மணி நேரம் பிக்கால் அடித்து வாசிப்பவரின் பூச்சு வெகு சீக்கிரம் உரியும். அவருக்கு ஆயுளில் லாபம் சுருங்கிப்போகும். அவர் பூச்சில்லாததை வாங்கி அடிக்கடி மாற்றுவதே மேல். உலர்ந்த காற்றும் உலர்ந்த கையும் வாய்த்தவருக்கும் பூச்சு தேவையில்லை. கடலோரத்தில் நாளுக்கு ஒரு மணி நேரம் வாசிப்பவருக்குத்தான் பூச்சுக் கம்பி முழு நியாயம் செய்கிறது.

எந்தக் கம்பியானாலும் அதன் ஆயுளைக் கூட்டும் பொருள் ஒன்று ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது: பழைய பருத்தித் துணி. வாசித்து முடித்ததும் கம்பியை மேலும் கீழும் துணியால் பிடித்து ஒரு முறை இழுத்துவிட்டால் போதும். வாசிக்கும் முன் கை கழுவுவது அதில் பாதி வேலையை முடித்துவிடும். ஆயுளைக் கூட்டுவதில் இந்த இரண்டுக்கும் நிகரான மலிவான வழியை நான் இன்னும் காணவில்லை.

எப்போது மாற்றுவது? மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்ற நாட்காட்டிக் கணக்கை நான் ஏற்கவில்லை. தினம் வாசிப்பவருக்கு அது தாமதம், வாரம் ஒரு நாள் எடுப்பவருக்கு வீண் செலவு. கம்பியையே கேட்க வேண்டும். அதற்கு இரண்டு சோதனைகள். ஒன்று, கம்பியின் அடிப்பக்கத்தை விரல் நுனியால் தடவிப் பார்ப்பது. ஃப்ரெட் படும் இடங்களில் சிறு பள்ளங்கள் தட்டுப்பட்டால், அங்கே சுற்று தேய்ந்துவிட்டது. இரண்டாவது, பன்னிரண்டாவது ஃப்ரெட் சோதனை. அந்த ஃப்ரெட்டின் நேர்மேலே கம்பியை மெதுவாகத் தொட்டு மீட்டினால் மணி போன்ற சுரம் வரும். அதே இடத்தில் அழுத்தி மீட்டினால் வரும் சுரமும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். புதுக் கம்பியில் சேர்ந்திருந்த இரண்டும் இப்போது விலகியிருந்தால், தேய்மானத்தாலும் அழுக்காலும் கம்பியின் எடை நீளத்தில் சீராக இல்லை என்று பொருள். அதை எந்த ட்யூனராலும் சரிசெய்ய முடியாது. புதுக் கம்பியிலேயே விலகல் இருந்தால் குற்றம் பெரும்பாலும் சேடிலுடையது. கம்பியைப் பழிக்கக் கூடாது. பழைய கம்பியைக் கழற்றி வெந்நீரில் கொதிக்கவைத்தால் உயிர் வரும் என்பார்கள். இடுக்கு அழுக்கு இளகி ஒலி தெளிவது மெய். தேய்ந்த பள்ளம் நிரம்பாது, சில நாளில் மங்கல் திரும்பிவிடும். கையில் காசில்லாத நாளுக்கு அது ஒரு வழி, அவ்வளவே.

மாற்றும் முறையில் ஒரு பழைய அச்சம் இன்னும் உலவுகிறது: எல்லாக் கம்பியையும் ஒரே நேரத்தில் கழற்றினால் நெக் கெட்டுவிடும் என்பது. இதற்கு அடிப்படையில்லை. இழுவிசை நீங்கும்போது நெக் சற்றே நிமிர்கிறது; மீண்டும் ஏற்றியதும் பழைய நிலைக்கு வருகிறது. மொத்தமாகக் கழற்றினால்தான் ஃப்ரெட்டுகளின் ஓரத்தில் படிந்த கறையைத் துடைக்க முடியும். பிரிட்ஜ் ஒட்டப்படாமல் கம்பியின் அழுத்தத்திலேயே நிற்கும் வகைக் கிட்டார்கள் மட்டும் விலக்கு. அவற்றில் ஒவ்வொன்றாக மாற்றாவிட்டால் பிரிட்ஜ் இடம் மாறிவிடும்.

மாட்டுவதில் நடக்கும் தவறுகளில் பெரியது பிரிட்ஜில் செருகும் பின்னைப் பற்றியது. கம்பியைப் பிடித்து நிறுத்துவது பிரிட்ஜ் பின்தான் என்று பலர் நினைத்து அதைச் சுத்தி அடிக்காத குறையாக அமுக்குகிறார்கள். பின் ஓர் ஆப்பு மட்டுமே. பாரத்தைத் தாங்குவது கிட்டாருக்குள், பிரிட்ஜுக்கு நேர் அடியில் ஒட்டியிருக்கும் கட்டைப் பலகை. கம்பியின் குண்டு முனை அந்தப் பலகையின் அடியில் போய் உட்கார வேண்டும். முனைக்குச் சற்று மேலே கம்பியை லேசாக மடித்து, பின்னின் பள்ளம் கம்பியை நோக்கி இருக்கும்படி வைத்து, ஒரு கையால் பின்னை மெல்ல அமுக்கிக்கொண்டே மறு கையால் கம்பியை மேலே இழுத்தால், குண்டு ‘டக்’கென்று இடம் பிடிப்பது விரலுக்குத் தெரியும். அந்த ‘டக்’ வராமல் சுருதி ஏற்றினால் பாதியில் பின் தெறித்துவிடும். பழைய பின் வராவிட்டால் குறடால் பிடுங்காமல், ஒலித்துளை வழியே கைவிட்டு ஒரு நாணயத்தால் கீழிருந்து தள்ளுங்கள்.

மேல்முனையில், தன் பெக்கைத் தாண்டி ஏறக்குறைய இரண்டு அங்குலம் தளர்வு விட்டால் தடித்த கம்பிகளுக்கு இரண்டு மூன்று சுற்று கிடைக்கும். மெல்லிய இரண்டுக்கும் இன்னும் ஒன்றிரண்டு சுற்று கூட்டிக்கொள்ளலாம். சுற்றுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்க வேண்டும், ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. பெக்கில் கம்பியை மடித்த பிறகே மிச்சத்தை வெட்ட வேண்டும். வட்ட நடுக்கம்பி உள்ள வகையில், மடிக்காமல் வெட்டினால் சுற்று தளர்ந்து கம்பி அன்றே செத்துவிடும். ஏற்றி முடித்ததும் ஒவ்வொரு கம்பியையும் பலகையிலிருந்து மெதுவாக இழுத்துவிட்டு, மறுபடி சுருதி சேர்க்க வேண்டும். மூன்று நான்கு முறை இப்படிச் செய்தால் தளர்வெல்லாம் இறுகி, அன்று மாலையே கச்சேரிக்குத் தயார். புதுக் கம்பி சுருதி நிற்கவில்லை என்று நிறுவனத்தைக் குறை சொல்பவர்களில் பெரும்பாலோர் இந்தப் பத்து நிமிடத்தைச் செலவிடாதவர்கள்.

கம்பியை மாற்றவே தேவையில்லை என்ற தரப்பும் ஒன்று இருக்கிறது. அதற்குச் சாட்சியாக அழைக்கப்படுபவர் மோடவுன் பாடல்களின் பாஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன். அறுந்தாலொழியக் கம்பி மாற்றாதவர் என்று பெயரெடுத்தவர். அவருடைய இசையின் மேன்மையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர் வாசித்தது மின் பாஸ் கிட்டார். போட்டிருந்தது தட்டையான சுற்றுள்ள தடித்த கம்பி. அழுக்கு அடைய இடுக்கே குறைவான கம்பி அது. மேற்சுரங்கள் அடங்கிய குரலே அவர் இசைக்குத் தேவைப்பட்டது. ஆறு கம்பியும் சேர்ந்து முழங்க வேண்டிய அக்கூஸ்டிக் கிட்டாருக்கு அந்தச் சாட்சி பொருந்தாது. மங்கிய ஒலியை விரும்புவது ஒருவரின் சுவை. பிசகிய சுருதி சுவையின் கணக்கில் வராது.

இனி என் தீர்ப்பு. நம் கடலோர வெப்பத்தில், வீட்டில் நாளுக்கு ஒரு மணி நேரம் வாசிக்கும் ஒருவருக்கு: பூச்சுள்ள பாஸ்பர் ப்ரான்ஸ், பன்னிரண்டு செட், கற்பவரானால் பதினொன்று. நாள் முழுக்க வாசிப்பவருக்கு: பூச்சில்லாத பாஸ்பர் ப்ரான்ஸ், அடிக்கடி மாற்றிக்கொண்டு. எண்பது-இருபது ஒலிப்பதிவு நாளுக்கு. மூன்றிலும் எந்த நிறுவனம் என்பது கடைசிக் கேள்வி. உலோகமும் தடிமனும் மாட்டும் முறையும் சரியாக அமைந்தபின் பெயர்களுக்கிடையே உள்ள வேறுபாடு சிறிது. நட்டின் உயரம் சரியில்லாத கிட்டாரில் உயர்ந்த விலைக் கம்பியும் தோற்கும்; சரிசெய்த கிட்டாரில், துடைத்து வைக்கும் கையில், நடுத்தர விலைக் கம்பி ஜெயிக்கும்.

இன்று கிட்டாரை எடுத்ததும் பாட்டைத் தொடங்கும் முன் ஆறு கம்பியையும் அடியில் தடவிப் பாருங்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் இரண்டு சுரமும் சேர்கின்றனவா என்று கேளுங்கள். சேரவில்லை என்றால் கம்பியை இன்றே மாற்றுங்கள். மாற்றிய தேதியைக் குறித்து வையுங்கள். அதிலிருந்து இருபதாம் நாள் மறுபடி கேளுங்கள். நீங்கள் வாங்கியது நல்ல கம்பியா என்பதை அன்றுதான் சொல்ல முடியும்.